நாற்பத்தொன்றாம் நம்பர் தீப்பெட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன வாரம் இருமிக்கொண்டே பேசினாய், டாக்டரைப் பார்த்தாயா, இல்லை அதற்கும் லீவு கிடைக்கவில்லையா. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ காரை ஓட்டிக்கொண்டே சொல்லும்மா சொல்லும்மா என்கிறாய், நான் சொல்ல வாயைத் திறந்தால் சிக்னல் போட்டுட்டான் அப்புறம் கூப்பிடறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் கோழி கிளறினது மாதிரி இருக்கும், எழுத்துக் கூட்டிப் படி.

விஷயம் அந்தச் சேர்த்துச் செய்கிற பொம்மைக் கார்தான். அப்பாவோட காரைத் தொட்டுடாதம்மா, அப்படியே பார்சல் பண்ணி அனுப்பு, நான் முடிச்சு அவர் ஞாபகமா கண்ணாடிப் பெட்டியில வைக்கிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ராசா, ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியை இங்கே அனுப்பியதே நீதான். பழைய சாமான் கடையில் கிடைத்தது, நாற்பது வருடத்துச் சரக்கு, பாதிச் சாமான் இல்லை, நான் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் அப்பா என்று உள்ளே ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தாய். அந்தச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. ஆள்தான் வந்து சேரவில்லை. அவர் போன அன்றைக்கும் போனில்தான் வந்தாய், அதுவும் பாதியில் கட்டாகிவிட்டது, பக்கத்து வீட்டுப் பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றான். சரி, அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

உன் அப்பா முப்பத்திரண்டு வருடம் பம்பு கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தவர். ரிட்டையர் ஆனாலும் எண்ணுகிற வியாதி போகுமா. உன் பெட்டி வந்ததும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார், அதன்பிறகு ஆறு வருடமும் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். ஈய வார்ப்பில் காரின் உடம்பு, பித்தளையில் தகடு தகடாக ஏதேதோ, தரைக்கு மரப்பலகை, டயருக்கு ரப்பர், பெரியது போக மற்ற எல்லாவற்றையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு நம்பர் ஒட்டி ஒரு நோட்டில் பட்டியல் எழுதினார். அறுபத்து மூன்று தீப்பெட்டி. அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடினால் ஐம்பதாம் நம்பரில் கதவுக் கைப்பிடி இருக்கும். காரோடு வந்த புத்தகம் நமக்குத் தெரியாத பாஷையில் இருந்தது, அதையும் அகராதி வைத்து ஒரு வருடம் படித்தார். நான் பின்னால் ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன், பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருக்கிறான். படிக்கத் தெரிந்தவருக்குப் படம் கண்ணில் படவில்லை.

நீ அனுப்பி வைத்த ஆள், அதுதான் அப்பாவின் கூட்டாளி கண்ணாடிக் கடைக்காரர், போன மாதம் பார்சல் கட்ட வந்தார். நோட்டை வைத்துக்கொண்டு தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தார். நான் ஒரு மூடியைத் தொட்டதற்கு, அண்ணி கை வைக்காதீங்க, ரொம்ப நுணுக்கமான வேலை, பிளவுஸ் தைக்கிற மாதிரி இல்ல இது என்றார். அவர் பெண்டாட்டி பிளவுஸை மூன்று தடவை பிரித்துத் தைத்தவள் நான், இவர் எனக்கு நுணுக்கம் சொல்லித் தருகிறார். நாற்பத்தொன்றைத் திறந்தால் உள்ளே சாமான் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. அவரே உரக்கப் படித்தார். கார் சீட்டுக்கு உறை, மேல் டாப்பு, அவளிடம் கேட்க வேண்டும் என்று உன் அப்பா எழுதித் தேதியும் போட்டிருக்கிறார். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. கடைக்காரர் சிரித்துவிட்டு, கேட்டாரா அண்ணி என்றார். நான், டீ ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க, பார்சல் இப்ப இல்ல என்றேன்.

கேட்கவில்லை. ஆனால் கேட்க வந்தார். எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், நாற்பது யூனிபார்ம் பாக்கி, தையல் பழக வந்த பெண்கள் இரண்டு பேர் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் பக்கத்தில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்னே நான், என்ன, பொம்மைக்குச் சட்டை தைக்கணுமா, போய்ப் பொம்மையக் கூட்டிட்டு வாங்க அளவெடுக்கிறேன் என்றேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒண்ணுமில்ல, மணி என்னன்னு பாக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில் வாட்ச் கட்டியிருந்தார். அதோடு அந்தப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. மனுஷன் இரண்டாம் தடவை கேட்டிருக்கக் கூடாதா, நான் என்ன கடித்தா விடப்போகிறேன். நாற்பது வருடம் என் வாய்க்குப் பழகின ஆளுக்கு ஒரு பேச்சுக்கு இத்தனை ரோஷம்.

அதனால் நீ தொடாதே என்ற காரைத் தொட்டுவிட்டேன், இப்போது கத்து. அவர் வேலைக்குக் கொண்டுபோன தோல் பை இருந்ததே, யாருக்காவது கொடுத்துவிடு என்று நீ சொன்னாயே, அதன் உள்மடிப்பு தேய்ந்து தேய்ந்து பழைய துணி மாதிரி மெத்தென்று இருந்தது, அதை வெட்டினேன். காரின் சீட்டு என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அளவெடுத்து, வெட்டி, நெருக்கமாகத் தையல் போட்டு மாட்டினால் சோபாவுக்கு வயிறு வந்த மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. பிரித்துப் பார்த்தால், பிள்ளைகள் யூனிபார்முக்கு விடுவது போலப் பின்னால் பிரித்துவிட உள்ளே தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன். அடுத்த வருடம் கார் வளருமாம். கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மறுபடி வெட்டித் தைத்தேன், இந்தத் தடவை கச்சிதமாக உட்கார்ந்தது. சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று திரும்பிக் காட்டப் போனேன். அதை விடு.

மேல் டாப்புக்கு அவர் குடையைப் பிரித்தேன். மடக்கி விரிக்கப் பித்தளைக் கம்பியில் சட்டம் அவரே அழகாகச் செய்து வைத்திருந்தார், துணி போட்டதும் இப்போது நிஜக் கார் போல மடங்குகிறது. உடனே ஒட்டுகிற பசை என்று ஒரு சனியன் இருக்கிறது, கவனிக்காமல் பானெட்டோடு என் சுண்டுவிரலும் ஒட்டிக்கொண்டது. காரும் கையுமாக மாடிவீட்டு டீச்சரிடம் போய் நின்றேன். சுடுதண்ணீரில் விரலை ஊறவைத்துக்கொண்டே, அவர் போயி அஞ்சு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள பொம்மை வெச்சு வெளையாட்டாக்கா என்று கேட்டாள். அவர் இருந்தப்ப எனக்கு எங்க டீச்சர் நேரம் குடுத்தார், மேசையவே விடலியே என்றேன். அவள் ஒட்டின இடத்தில் தோலை உரித்து விரலை விடுவித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று கேள். காரின் முன் விளக்கு இரண்டும் பெட்டியில் வராத சாமான்களில் சேர்ந்தவை, அவர் கையால் செய்து மாட்டியது, நல்ல பளபளப்பு. துடைக்கும்போது பார்க்கிறேன், என் பிரஸ் பட்டன். டாஷ்போர்டில் இருக்கிற வட்ட மீட்டர்கள் என் மணிப் பொத்தான். பட்டன் டப்பாவில் கை வைக்கிறாள் என்று நான் தையல் பழக வந்த பெண்ணைத் திட்டி விரட்டினேனே, நினைவிருக்கிறதா, அன்றைக்கு இந்த மனுஷர் பக்கத்து அறையில் அந்தப் பட்டனுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டோர் கீப்பராம், ரசீது இல்லாமல் திருகாணிகூட வெளியே போகாதாம். போன வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்டாள். நான் அப்பவே சொன்னேன்ல அக்கா என்றாள், நன்றாக வேண்டும் எனக்கு.

இப்போது முக்கியமானது. சக்கரம். ஒரு சக்கரத்துக்கு நாற்பது கம்பி, தலைமுடி கனம், ஒவ்வொன்றாக வளையத்தில் கோக்க வேண்டும். மூன்று சக்கரத்தை அவர் கோத்திருக்கிறார். முதல் இரண்டும் அச்சு மாதிரி இருக்கிறது, மூன்றாவதில் கம்பி அங்கும் இங்கும் ஆடுகிறது, அப்போதே கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது, நம்மிடம் சொல்லவில்லை. நான்காவது சக்கரத்தின் தீப்பெட்டியில் வெறும் வளையமும் கம்பிச் சுருளும் டயரும். சீட்டு ஒன்றும் இல்லை, நம்பர் மட்டும்தான். உனக்காக விட்டு வைத்தாரா, முடியாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது, இனிக் கேட்கவும் முடியாது. ஊசியில் நூல் கோத்தே காலத்தை ஓட்டியவளுக்கு அது ஒரு நாள் வேலை. நான் செய்யவில்லை. அந்த மூலைக்கு நாற்பத்தொன்றாம் நம்பர் தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து மேசை மேல் காரை நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே உனக்கு வருகிற பார்சலில் கார் இருக்காது. சின்னப் பொட்டலம்தான், அந்த நான்காவது சக்கரத்தின் தீப்பெட்டி. கோத்து முடி. நாற்பது கம்பியும் காரை ஓட்டிக்கொண்டே கோக்க முடியாது, உட்கார வேண்டும். முடித்ததும் தபாலில் அனுப்பிவிடாதே, தபால்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், இந்த வீட்டுக்குச் சக்கரம் என்று ஏதாவது வந்தால் திருப்பிவிடுங்கள் என்று. கையில் எடுத்துக்கொண்டு நீயே வா, வந்து மாட்டு. என்னைப்போல ஒரு பேச்சு பேசிவிட்டுப் பிறகு தீப்பெட்டியைத் திறந்து பார்க்கிற நிலைமை உனக்கு வேண்டாம்.

இருமலுக்கு வெந்நீர் குடி, மருமகளிடம் எரிந்து விழாதே, அவள் ஏதாவது கேட்க வந்து பக்கத்தில் நின்றால் வேலையை நிறுத்திவிட்டு என்ன என்று கேள். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும். வரும்போது வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம், ஒரு குடை மட்டும் வாங்கி வா. வீட்டில் இருந்த ஒரே குடையைக் கார் போட்டுக்கொண்டு நிற்கிறது, நான்தான் நனைகிறேன்.

இப்படிக்கு,
வழிபார்த்துக்கொண்டெல்லாம் உட்கார்ந்திருக்காத, யூனிபார்ம் பாக்கி இருக்கிற
உன் அம்மா