நூற்றிருபது காலடி

இன்று காலை உனக்கு ஒரு வாழ்த்து வந்தது. உன் குப்பத்துக்குப் போக, செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் மின்னஞ்சலை என் போனில் போட்டுக் கொடுத்தாயே, அதை நான் இன்னும் எடுக்கவில்லை. 'உங்கள் ஆய்வு மேலும் ஒரு கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்டுள்ளது, வாழ்த்துகள்' என்று உன் பெயர் போட்டு எழுதியிருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அனுப்பிய இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நம் கட்டுரையில் எதை எடுத்துக் காட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நாம் இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீ புவியியல், நான் புள்ளியியல். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று ஆறு மீனவக் குப்பங்களில் அளக்கும் வேலையை நீதான் இழுத்துப் போட்டுக்கொண்டாய். ஐந்து குப்பங்களில் டேப் பிடித்தோம். உன் சொந்தக் குப்பத்தில் மட்டும் பிடிக்கவில்லை. அங்கே கருவாடு காயப்போடும் அஞ்சலை அக்கா, அமாவாசைதோறும் தன் களத்து ஓரத்திலிருந்து அலை தொடும் இடம்வரை, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். நாற்பது வருடக் கணக்கு அது. "டேப்பு நேத்து வந்தது. அக்கா காலு அன்னிலருந்து அதே காலுதான். அப்டியே எயுதிக்கோடி" என்றாய். "செருப்பு போட்டு நடந்திருந்தா?" என்று சீண்டினேன். "அக்காவ செருப்போட நீ என்னிக்காவது பாத்துகிறியா?" என்று என் வாயை அடைத்தாய்.

கட்டுரையோடு தரவுக் கோப்பையும் பொதுவில் ஏற்ற வேண்டும் என்று ஆய்விதழ் கேட்டது. கடைசி நாள். ஏற்றியவள் நான். மற்ற ஐந்து குப்பங்களும் மீட்டரில் இருந்தன. அக்காவின் எண்களை மாற்றாமல் அதே வரிசையில் தட்டிவிட்டேன். கடைசியாக அவள் நடந்தது நூற்றிருபது காலடி, முப்பது மீட்டர்கூட வராது. கோப்பில் அது நூற்றிருபது மீட்டர் ஆகிவிட்டது.

நீ கண்டுபிடித்துவிட்டாய். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, "ஏன்டி, நம்ம குப்பத்து நம்பரு இன்னாவோ உதைக்குது. ஒரு தபா பாத்துடு" என்றாய். பார்க்கிறேன், நீ தூங்கு என்றேன். பார்க்கவில்லை. நீ போன பிறகு உன் பெயர் போட்ட கோப்பைத் திறக்கவே எனக்குத் தெம்பில்லை. அது நொண்டிச் சாக்கு என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

முன்பெல்லாம் ஒரு பிழை அச்சானால் நூலக அலமாரியில் கிடக்கும். கண்டவர் கடிதம் எழுதுவார், அடுத்த இதழில் திருத்தம் வரும். இப்போது நம் கோப்பை யார் யார் இறக்கிக்கொண்டு போனார்கள் என்றே தெரியவில்லை. போன வாரம் அக்கா போன் செய்தாள். கடலைத் தடுக்கக் கரையோரம் கல் கொட்டப்போகும் ஊர்களின் பட்டியலோடு ஓர் ஆள் வந்தானாம். அதில் உன் குப்பம் இல்லை. "கடலு நூத்திருபது மீட்டருக்கு அந்தாண்ட கீதுன்னு கம்பூட்டர்ல போட்டுகீதாம். நம்ம பாப்பா எயுதுனதாம். இங்க வூட்டாண்ட தண்ணி வந்துகினு கீதும்மா" என்றாள். பாப்பா என்றது உன்னைத்தான்.

ஆய்வுகளைப் படித்துச் சுருக்கிச் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் கேட்டேன். உன் குப்பம் பாதுகாப்பானது என்று உன் பெயரோடு பதில் வந்தது. தவறு என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மறுநாள் புதிதாகக் கேட்டால் மறுபடி நூற்றிருபது மீட்டர். அந்த மரியாதையைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் கோப்பைத் திருத்தி ஏற்றிவிட்டேன். ஆனால் ஆய்விதழில் திருத்தம் வர வேண்டுமானால் கட்டுரையை எழுதியவர்கள் எல்லோரும் சம்மதம் என்று அழுத்த வேண்டுமாம். இறந்தவருக்கு அதில் கட்டம் கிடையாது. இரண்டு முறை கேட்டு எழுதினேன், இரண்டு முறையும் தானியங்கிப் பதில். நேற்று உன் மின்னஞ்சலைத் திறந்து உன் பொத்தானையும் நானே அழுத்தினேன். உனக்கு நன்றி சொல்லி உடனே மடல் வந்தது. ஒருவர் பெயரைக் கட்டுரையில் போட அனுமதி கேட்பதற்காகவே பஸ் ஏறிப் போவாயே நீ! உன்னைக் கேட்காமல் உனக்காகச் சம்மதித்துவிட்டேன். வரப்போகும் திருத்தத்திலும் முதல் பெயர் உன்னுடையதுதான். படிப்பவர்கள் உன் பிழை என்றே நினைப்பார்கள்.

இன்று அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. களத்து ஓரத்தில் நின்று நடக்கத் தொடங்கினாள். நான் பக்கத்தில் எண்ணிக்கொண்டு போனேன். எழுபத்தொன்றாவது அடியில் அலை அவள் காலை நனைத்தது.

"தப்பு உன்னுதுன்ற. சரி. நீ எயுதுனத நீயே மாத்த முடியாதா?"

"என்கிட்ட இருக்கிறத மாத்திட்டேன் அக்கா. மத்தவங்க எடுத்துட்டுப் போனது என் கைக்கு எட்டாது."

"அப்போ இந்த ஐப்பசி மயைல கடலு ஏறி வந்தா நாங்க இன்னா பண்றது?" என்றாள்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். ஐப்பசி பிறக்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.