கோலாலம்பூரில் ஆறு நாள்

தை (ஜனவரி) 20, செவ்வாய். ஜேர்மனி, ஹம் நகரம். மைனஸ் ஆறு.

சைக்கிள் பூட்டு உறைந்துபோனது. முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு நடந்தே போனேன். ஏழு நிமிடம் தாமதம். யாரும் கவனிக்கவில்லை.

விமானச் சீட்டு வந்துவிட்டது. பங்குனி 24 பயணம், ஆறு நாள். அண்ணை கொழும்பிலிருந்து, நான் இங்கிருந்து. லீவுத் தாளில் கையெழுத்துப் போட்ட மேலாளர், "கோலாலம்பூரா! கனவுப் பயணம்!" என்றார். விளக்கவில்லை. என் நீல அகதிப் பாஸ்போட்டில் எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர என்று அடித்திருக்கிறது. அங்கே போனால் இங்கே இருக்கும் உரிமை ஆட்டம் காணும். பதினாறு வருடமாக அண்ணையைப் போனில்தான் பார்க்கிறேன். அதனால் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஊரில் சந்திப்பு.

பார்க்க வேண்டியவை:
பத்துமலை
இரட்டைக் கோபுரம்
பறவைப் பூங்கா
மெர்டேக்கா சதுக்கம்
தேசியப் பள்ளிவாசல்
சென்ட்ரல் மார்க்கெட் (அண்ணையின் மனைவி, மச்சாளுக்குக் கைப்பை)

தை 24, சனி.

உடுப்புத் தோய்க்கும் தூள் முடிந்தது. வாங்க மறந்தேன்.

பட்டியலை அண்ணைக்கு வாசித்தேன். முப்பது வருடம் வாடகைக்கு வான் வண்டி ஓடியவர். சும்மா விடுவாரா?

"உனக்குப் பிளான் போடத் தெரியாது. கோபுரம் திங்கள் பூட்டாம். முருகனை வெயிலுக்கு முதல் பாக்க வேணும். ஆறு மணிக்கு வெளிக்கிடுறம்."

"லீவிலையும் ஆறு மணியோ அண்ணை?"

"படுக்கிறதுக்கு வீடு இருக்கு."

இதே வசனத்தைச் சொல்லித்தான் யாத்திரைச் சனத்தை விடிய நாலு மணிக்கு ஹோர்ன் அடித்து எழுப்புவார். கதிர்காமம் நூறு தரம் போயிருப்பார். எல்லாரும் உள்ளே போக, இவர் வானில் இருந்து செருப்புக்கும் பைக்கும் காவல். சாமியை எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். இந்த முறை நீங்கள்தான் பசெஞ்சர் என்றேன்.

"உன்ரை கண் என்ன இப்பிடிக் கிடக்கு? நித்திரை கொள்ளுறேல்லையோ?"

"ஃப்ரூ, விடியக்காலை வேலை அண்ணை. நாலு பத்துக்கு எழும்ப வேணும்."

அவருடைய நெற்றி மட்டும்தான் போனில் தெரிந்தது. வயதானவர்கள் எல்லோரும் போனை அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

மாசி (பெப்ரவரி) 1, ஞாயிறு. தைப்பூசம்.

அண்ணை பத்துமலைத் திருவிழாவை நேரலையில் பார்த்திருக்கிறார்.

"இருநூத்தி எழுபத்திரண்டு படியாம். நீ ஏறு. நான் கீழை செருப்புக்குக் காவல் நிக்கிறன்."

கீழேயும் கோயில் இருக்கிறது என்றேன். பட்டியலில் திருத்தம்: பத்துமலை, கீழே மட்டும். முழங்கால் நோவு என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி 5, வியாழன். மழை.

இன்று கதைக்கும்போது போன் அவர் கையிலிருந்து வழுக்கியது. ஒரு கணம் முழு முகமும் தெரிந்தது. கன்னம் இல்லை. கண் வெள்ளை மஞ்சளாக. அந்த மஞ்சளை நான் வேலையில் பார்த்திருக்கிறேன்.

பிறகு மச்சாளுக்குத் தனியாகப் போன் எடுத்தேன்.

"மச்சாள், அவரின்ரை காலைப் பெருவிரலாலை அமத்திப் பாருங்கோ."

"அமத்தினனான்."

"பள்ளம் விழுந்ததோ?"

"இன்னும் அப்பிடியே நிக்குது." அதற்குப் பிறகுதான் அழுதார். "டொக்டர் மார்கழியிலையே சொல்லிப்போட்டார். ஈரல். உமக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

மார்கழியில். அண்ணை என்னைச் சீட்டு எடுக்கச் சொன்னது தையில்! கோபத்தில் அரிசியை இரண்டு தரம் உப்புப் போட்டு அவித்தேன். வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாசி 8, ஞாயிறு.

அண்ணையிடம் நேரே சொன்னேன். "பாஸ்போட் கிடக்கட்டும். நான் அங்கை வாறன்."

"வந்தா வாசலிலையே திருப்பி அனுப்புவன். பிள்ளையளை வைச்சுக்கொண்டு பதினாறு வருசம் பட்ட பாட்டைக் கொண்டுவந்து என்ரை கால்மாட்டிலை போடப்போறியோ?"

மூச்சு இரைத்தது அவருக்கு. பொறுத்திருந்தேன்.

"சரி. ரெண்டாம் நாள் எங்கை போறம்?"

இவர் என்ன மனிதர்! "பறவைப் பூங்கா," என்றேன்.

"எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"ஒன்பதுக்கு."

பேனை காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அப்படியே பத்து நிமிடம் பறவைகளைப் பற்றிக் கதைத்தோம்.

மாசி 12, வியாழன். பனி.

ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று கேட்கிறார். இன்று பள்ளிவாசல், சதுக்கம் இரண்டும். குரல் மெலிந்துவிட்டது. "நீள உடுப்புக் கொண்டுவா." நாலாம் நாளுக்குக் கோபுரம் என்று தொடங்கினேன்.

"நாலாம் நாளை விடு. அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

களைத்துவிட்டார் என்று போனை வைத்தேன்.

நல்ல தங்கச்சி என்றால் போயிருப்பாள். நான் போகவில்லை. பிள்ளைகளைச் சாட்டுகிறேன். உண்மையில் பயம். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மாசி 17, செவ்வாய்.

காலை ஒன்பதேகால். ஒரு மூதாட்டிக்குப் பாணைப் பிய்த்து வாயில் தீத்திக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, நின்றது, திரும்ப அதிர்ந்தது. விளங்கிவிட்டது. மிச்சப் பாணையும் தீத்தி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே போய்ப் பார்த்தேன்.

அண்ணை போய்விட்டார்.

மாசி 19, வியாழன்.

அங்கே பத்து மணி, இங்கே ஐந்தரை. போனைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்துச் செத்தவீடு பார்த்தோம். வீடியோக்காரன் பந்தலைக் காட்டினான், வந்த சனத்தைக் காட்டினான், அண்ணையைக் கொஞ்சம்தான் காட்டினான். பெட்டியைத் தூக்கும்போது படம் நின்று வட்டம் சுற்றியது. திரும்ப வந்தபோது முற்றம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளி, நீலநிறம். என் வீட்டுக்காரர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்தேன்.

மாசி 22, ஞாயிறு.

வீட்டுக்காரர் கேட்டார்: "சீட்டை என்ன செய்யிறது?"

மத்தியானம் மச்சாள் ஒரு படம் அனுப்பினார். தலையணைக்குக் கீழே கிடந்ததாம். பழைய வான் பயணத் தாளின் பின்பக்கம். அண்ணையின் எழுத்து, வரவரக் கோணல்.

1ம் நாள். 6.00 பத்துமலை. தங்கச்சி மேலே. நான் கீழே.
2ம் நாள். 9.00 பறவைப் பூங்கா.
3ம் நாள். பள்ளிவாசல், சதுக்கம். நீள உடுப்பு.
4ம் நாள். ஓரிடமும் இல்லை. தங்கச்சி நித்திரை கொள்ளட்டும். எழுப்பக் கூடாது.

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

நாளை ஃப்ரூ. அலாரம் 4.10.