ஐந்தில் ஒரு பங்கு காலி

புதன்கிழமை, மட்டாஞ்சேரி

வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் பாதி இடத்தை அடைத்திருப்பது நானே பாடி, நானே பிடித்த வீடியோக்கள். மீதி ஊரார் கல்யாணங்கள்.

நாளை துபாய் போகும் மாப்பிள்ளைக்கு அவன் கல்யாண வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். மதியம் எடிட்டிங் நடுவில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ரிப்பேர்க்கார ஷாஜியைக் கூப்பிட்டேன். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. வந்து, திரும்ப ஓடவைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சேட்டா, இதுவும் குடோன் மாதிரிதான். கூரை வரைக்கும் மூட்டை அடுக்கினா சுமட்டுக்காரன் எங்கே நின்னு மாத்தி வைப்பான்? அஞ்சுல ஒரு பங்கு எப்பவும் காலியா விடணும், அப்பதான் வேகமா ஓடும். அந்தப் பாட்டையெல்லாம் களைஞ்சிடுங்க. பார்த்து அழிக்கணும், போனா திரும்பாது."

"உன் மண்டையில அதுக்கு மேலயே காலி கெடக்கு. நீ என்ன வேகமாவா ஓடுறே?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. என் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டபிறகுதான் சிரித்தான். அதை நான் மன்னிக்கமாட்டேன்.

அவன் போனதும் பழைய கல்யாணங்களை அழித்தேன். பெயரெல்லாம் இங்கிலீஷில் இருந்தது, யார் படிப்பது? பாட்டில் கை வைக்கவில்லை. சரியாக ஐந்தில் ஒரு பங்கு காலியானது. ஆறு மணிக்குத் துபாய்க்காரன் வீடியோ தயார்.

ஏழு மணிக்கு ஷாஜி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாண நாளாம். கல்யாண வீடியோ காப்பி வேண்டும் என்று பெண்டாட்டி கேட்கிறாளாம். அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறதாம்.

தேடிப் பார்த்தேன். அவன் காலியாக விடச் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது. அதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

கம்ப்யூட்டர் இப்போது வேகமாக ஓடுகிறது.