நெல்லுக்குள் கிடந்த கப்பல்

மச்சான்,

புது நெல் வருமுன் நெற்பெட்டியைத் துப்புரவாக்கி வைக்கச் சொல்லி உம்மா காலையிலேயே சொல்லிவிட்டார். வாப்பா விட்டுப்போன சவளக்கடை வயலில் அறுவடை முடிந்துவிட்டது. பின்னேரம் மூட்டைகள் வந்துவிடும். பெட்டிக்குள் பாதி உடம்பை இறக்கித் தும்புத்தடியால் மூலைகளைக் கூட்டினேன். பழைய நெல்லின் தூசு மூக்கில் ஏறியது. அந்த மணம் பட்டால் இப்போதும் என் காது தானாகத் தெருப்பக்கம் போகும்.

பலகை இடுக்கில் ஏதோ மினுங்கிற்று. ஊக்காக்கும் என்று நகத்தால் நெம்பி எடுத்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தலைமயிர் தடிப்பில் மூன்று கம்பிகள், அவற்றைத் தாங்கும் குட்டிக் குட்டித் தூண்கள், ஒரு பக்கத்தில் இன்னும் போகாத சாம்பல் நிறம். பித்தளை.

உங்கள் கப்பலின் பின்தளத்தில், இடது பக்கத்தில் இல்லாமல் போன கைப்பிடி வேலி மச்சான்.

என் கூடப்பிறந்த லாத்தா குசினியில் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கையைப் பொத்திக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டேன். உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுவதா, பேசாமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிடுவதா என்று தெரியவில்லை. ஆறிவருகிற ஒன்றைக் கிளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் கதைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேரவேண்டும். மருதமுனையிலிருந்து நீங்கள் வந்தபோது உங்களோடு ஒரு ட்ரங்குப் பெட்டியும், நீளமான ஒரு காட்போட் பெட்டியும் வந்தன. பிங்கான் கோப்பை செட் என்று நினைத்து ஆசையோடு அதைத் திறந்தவள் லாத்தா. உள்ளே சீப்புச் சீப்பாகச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். சரக்குக் கப்பலில் வேலை செய்த, உங்களுக்கு மூத்தவரான காக்கா சிங்கப்பூரில் வாங்கிக் கொடுத்த போர்க்கப்பல். ஒட்டி முடித்தால் ஒன்றரை முழத்துக்கு மேல் வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். கல்முனைக் கடைத்தெருவில் பகல் முழுவதும் உடுக்கிற கைலிச் சாரம் விற்றுவிட்டு வருகிற மனிதர், பின்னேரம் சின்னப்பிள்ளைபோல் தரையில் குந்தியிருந்து பிளாஸ்டிக் ஒட்டுவதை உம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

விளக்கத்தாள் ஜப்பான் மொழியிலும் இங்கிலீசிலும் இருந்தது. வீட்டில் இங்கிலீசு படித்தவள் நான் மட்டும், அப்படித்தான் அதற்குள் வந்தேன். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை, லாத்தாவின் மாப்பிள்ளைக்கு முன்னால் போய் இருக்க முடியாது. நீங்கள் மண்டபத்தில், நான் அறைக்குள், நடுவில் வாசல் திரை. எழுத்து எனக்கு, படம் உங்களுக்கு. ஒரு கட்டத்தை வாசித்துத் தமிழில் சொல்லிவிட்டுத் தாளைத் திரைக்கு அடியால் தள்ளுவேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளுவீர்கள். வாசலில் குந்தியிருந்து லாத்தா பாய் இழைப்பாள்.

"ஒராள் வாசிக்கிறா, ஒராள் ஒட்டுறாரு. நான் நடுவில தரகு வேலை பாக்கன்" என்பாள்.

ஒரு தடவை உங்கள் காக்கா வேறொரு துறைமுகத்திலிருந்து தடித்த கடித உறை ஒன்றை அனுப்பினார். கப்பல் பெட்டியோடு வராத, தனியாக விற்கிற பாகங்கள். கடதாசி போன்ற மெல்லிய பித்தளைத் தகடு. அதில் ஏணி, ராடார், பாரந்தூக்கி, கைப்பிடி வேலி எல்லாம் சல்லடைக் கண்கள் மாதிரி வெட்டப்பட்டிருந்தன. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் ஏணி இதன் பக்கத்தில் உரல்போலத் தெரிந்தது. அன்றிலிருந்து உங்களுக்கு வேறு நினைப்பில்லை. ஒட்டிய ஏணிகளைச் சுரண்டி எடுத்தீர்கள். தகட்டை இரண்டு சவர பிளேட்டுக்கு இடையில் வைத்து மடித்தீர்கள். குப்பி விளக்கில் பிளாஸ்டிக் குச்சியைக் காட்டி, இளகும்போது இரண்டு பக்கமும் இழுத்து நூலாக்கினீர்கள், கொடிமரத்துக்குக் கட்ட. நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா. அந்த நூலைப் பார்த்து நீங்களே சிரித்தீர்கள். உங்கள் உம்மா கண்டால் இதையும் தறியில் ஏற்றிவிடுவாவாம்.

பீரங்கிக் குழல்களுக்கு, டிஸ்பென்சரியில் கழித்த ஊசிகளை வெட்டி வைத்தீர்கள். "துவக்கெண்டா துளை இரிக்கணுமே மச்சி" என்றீர்கள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "அந்தச் சொல்ல இந்த ஊட்டுக்குள்ள கதைக்காதீங்க மகன்."

கப்பலுக்கென்று வந்த குட்டி மனிதர்களை நீங்கள் ஒட்டவில்லை. தலையும் கையும் உள்ள உருவம் வீட்டில் வேண்டாம் என்று உம்மா சொல்ல, அவர்களை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு வைத்தீர்கள். ஆளில்லாத கப்பலுக்கு எதற்கு இவ்வளவு பாடுபட்டு வேலி என்று லாத்தா பகிடி பண்ணினாள்.

"ஆள் எப்ப ஏறுமெண்டு தெரியாதே" என்றீர்கள். "வேலி இரிக்கட்டும்."

அந்த நாட்களில் எங்கள் கடலில் தூரத்தே ஒரு கப்பல் வந்து நின்றது. உண்மையான கடற்படைக் கப்பல். கரைவலை இழுக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். எந்த ஊரில் எந்தப் பொடியனைக் கொண்டுபோனார்கள் என்பதுதான் கிணற்றடிப் பேச்சு. கடற்கரைப் பக்கம் போய்வந்த உம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"கடல்ல நிக்கிறதும் இதும் ஒரே நிறம் மகன். கப்பல்ட படமெல்லாம் வச்சிரிக்கிறவன் கப்பல என்ன செய்யப் போறான் எண்டு கேட்டா, நான் என்ன சொல்ற?"

நீங்கள் பசைக் குப்பியை மூடினீர்கள். நான் திரைக்குள் நின்று அதற்கொரு பதில் தேடினேன். படித்த புத்தகங்கள் ஒன்றும் உதவவில்லை. அம்புக்குறி போட்டுப் பீரங்கிகளை எண்ணிட்டுக் காட்டும் ஒரு தாள், வெட்டிய ஊசிகள், கம்பி, பித்தளை, சாம்பல் நிறப் பெயின்ற். விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கு என்று கேட்பார்கள். பிள்ளை அப்போது லாத்தாவின் வயிற்றில்தான் இருந்தது. வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டுக்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை நீங்கள். அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தணிந்தது. "வாசிங்க மச்சி, கேக்கல்ல" என்பீர்கள்.

சுற்றிவளைப்பு ஒரு காலையில் வந்தது. ஆண்கள் எல்லோரும் பாடசாலை மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போயிற்று. உம்மா விளக்கத்தாளை எடுத்து அடுப்பில் வைத்தார். கப்பலை என்ன செய்வது? உடைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உம்மா நெற்பெட்டியின் மூடியைத் திறந்தார்.

அன்றுதான் மச்சான், திரையில்லாமல் நாம் ஒரே அறையில் நின்றது. லாத்தாவால் குனிய முடியாது. நீங்கள் முன்பக்கம் பிடித்தீர்கள், நான் பின்பக்கம். மாதக்கணக்காக நான் வாயால் கட்டிய கப்பலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் அன்றுதான். "மெல்ல மச்சி, மெல்ல" என்றீர்கள். சுளகால் நெல்லை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டோம். தளம் மறைந்தது, பீரங்கிகள் மறைந்தன, கடைசியாக ராடார். பிறகு நீங்கள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள். லாத்தா வாசல்வரை போனாள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு ஆமிக்காரர் வந்தார்கள். ஒருவன் கையில் நீளமான இரும்புக் கம்பி. பெட்டியைத் திறந்து கம்பியை நெல்லுக்குள் இறக்கினான். நெல் சரசரத்தது. பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தத்தைக் கேட்க என் உடம்பெல்லாம் காதாகியிருந்தது. அவன் உம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டான். "வீ மாத்தயா, வீ" என்றார் உம்மா. அவர்களுடைய சிங்களத்தில் நெல்லுக்கு உள்ள சொல், மாத்தயா என்றால் ஐயா. உம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்னொரு தடவை, வேறொரு மூலையில் கம்பி இறங்கியது. வெளியே வந்தது. போய்விட்டார்கள்.

நீங்கள் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தீர்கள், முகமெல்லாம் வெயில் எரிந்து. லாத்தாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பெட்டிப் பக்கம் போனீர்கள். கையால் நெல்லை விலக்கி எடுத்தபோது கொடிமரம் சரிந்திருந்தது. வேலிக் கம்பிகளுக்குள் நெல்மணிகள் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றாக நுள்ளுக்குறட்டால் எடுத்தீர்கள். பின்தளத்தில் ஒரு துண்டு மட்டும் இல்லை. பெட்டியைச் சலித்தும் அகப்படவில்லை, தகட்டிலும் மிச்சமில்லை.

தாள் எரிந்துவிட்டதே, இனி என்ன என்றீர்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த கட்டத்தைச் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். அத்தனை தடவை வாசித்ததில் எல்லாம் மனதில் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் நீங்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆனால் உம்மா முடிவெடுத்துவிட்டார். இந்த முறை தப்பிற்று, அடுத்த முறை எதைப் பெட்டிக்குள் மறைப்பது, ஆளையா என்று கேட்டார். வெளிநாடு போவதுதான் பத்திரம். வெளிநாட்டு வேலை கேட்டுக் கொழும்புக்குப் போய்வந்த அன்று நீங்கள் லாத்தாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"கப்பல் பட்டறையில வேலை. கப்பல் வேலை தெரியுமா எண்டு கேட்டாங்க. ஓம், தெரியும் எண்டு சொல்லிட்டன்."

லாத்தா சிரித்துச் சிரித்து இருமினாள். உம்மாவும் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. ஒப்பந்தத் தாளையும் திரைக்குப் பின்னாலிருந்து நானே வாசித்தேன். உயரமான இடங்களில் வேலை செய்யச் சம்மதம் என்ற வரியில் நின்றுவிட்டேன். "வாசிங்க மச்சி" என்றீர்கள்.

மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் போனீர்கள். லாத்தாவுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் எனக்கும் ஒரு வரி இருக்கும். ஒன்றில் இப்படி எழுதியிருந்தீர்கள்: 'மச்சியிடம் சொல்லவும், உண்மையான கப்பலில் வேலி விறைப்பாக நிற்பதில்லை, தூணுக்குத் தூண் கொஞ்சம் தொய்ந்து தொங்குகிறது, நாம் எல்லாவற்றையும் நேராக ஒட்டிவிட்டோம்.' லாத்தா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, தனக்கு வெறும் சுகச்செய்தி, மச்சிக்குத்தான் பாடமாக்கும் என்று முகத்தைத் திருப்பினாள்.

பிறகு கடிதம் வரவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து உங்களோடு வேலை செய்த ஒருவர்தான் வந்தார். வாசலில் குந்தியிருந்துதான் சொன்னார். கப்பலின் பக்கவாட்டில் பலகைச் சாரம் கட்டி ஏறிநின்று பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தீர்களாம். அந்தப் பக்கத்துக் கைப்பிடியை எதற்கோ கழற்றி வைத்திருந்தார்களாம். விழுந்த உங்களை அங்கேயே அடக்கிவிட்டார்கள். பத்திரம் என்று நாங்கள் அனுப்பிய இடம்.

மாப்பிள்ளையை இழந்த லாத்தா யார் கண்ணிலும் படாமல் இத்தாவில் இருந்த அறையும், நான் உங்களுக்கு வாசித்த அதே அறைதான். கப்பலை அலுமாரிக்கு மேல் வைத்து, உங்கள் சாரம் ஒன்றால் மூடினாள். இன்றுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. மகள் மட்டும் விரலை நீட்டி 'வாப்பாட கப்பல்' என்பாள்.

எனக்கோ, எங்கு போனாலும் கண் முதலில் கைப்பிடியைத்தான் தேடுகிறது. பஸ் மிதிபலகையில் தொங்குகிறவர்களைக் கண்டால் வாசிக்கிற புத்தகத்தை மூடிவிடுவேன். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கிணற்றுக்கட்டை உயர்த்தும்வரை நான் உம்மாவை விடவில்லை. உயர்த்திய பிறகும் வாளியின் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். எனக்குப் பைத்தியம் என்று லாத்தா சொல்லுவாள். இருக்கலாம்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது லாத்தா வந்து பின்னால் நின்றாள். அவள் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

"காலையிலரிந்து கையப் பொத்திக்கொண்டு திரியிறாய். என்னத்த வச்சிரிக்காய்?"

கையை விரித்தேன். பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொன்னேன்: நெல்லின் பாரத்தில் வளைந்திருக்கிறது, நுள்ளுக்குறட்டால் நிமிர்த்திவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று.

"நிமித்தாத" என்றாள். "உள்ளது தொங்கும் எண்டு எழுதியிருந்தாரே."

எழுந்து போய் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் ஓடிப்போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன். சாரத்தை விலக்கிக் கப்பலை இறக்கிக்கொண்டு வந்து என் மேசையில், இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் வைத்தாள். தூசு ஊதினாள். உங்கள் ட்ரங்குப் பெட்டியில் நுள்ளுக்குறடும், ஒரு பசைக் குப்பியும், பெயின்ற் டின்னும் இருந்தன. பசை இறுகிப்போயிருந்தது. பெயின்ற் இன்னும் காயவில்லையே, அதில் ஒரு துளி வைத்தால் ஒட்டும் என்றாள். நெருப்புப்பெட்டியைத் திறந்து அந்தக் குட்டி மனிதர்களைப் பார்த்துவிட்டு மூடினாள்.

வளைந்த துண்டை நுள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வாசி புள்ள."

தாள் இல்லை, திரையும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். உங்களுக்குச் சொன்ன அதே குரலில், இந்த முறை கேட்கும்படியாக, பின்தளத்தின் இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன்.