நாற்பத்தோராம் பக்கம்

வண்டியூர், மதுரை
8-9-2025

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் போய் முடிகிறது. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன். இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சேலம் கிளைக்கு மேலாளராகப் போகச் சொல்லி அலுவலகத்தில் மறுபடியும் கேட்கிறார்கள். ஊருக்கு வந்து மதுரையிலேயே வேலை தேடுவேன் என்று நீங்கள் சொன்னதை நம்பி இரண்டு முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறையும் மறுத்தால் இனி கேட்க மாட்டார்களாம். நவம்பர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஸ்வீடன் போய் மூன்று வருஷமாகிறது. அக்டோபரில் உங்கள் கால்பந்து கிளப் ஆட்டங்கள் முடிந்ததும் வருவதாகச் சொன்னீர்கள். டிக்கெட் போட்டாயிற்றா? போன வாரம் திருவாதவூரிலிருந்து அத்தை வந்திருந்தார். “மில்லு வேலைக்குத்தானே போனான். பந்து வெளாட்டுல இவனுக்கு எம்புட்டு வேலை கெடக்கு?” என்று தன் மகனைப் பற்றிக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தேதியை மட்டும் எதிர்பார்க்கும்
சரண்யாதேவி

லிண்ட்வீக், ஸ்வீடன்
2-10-2025

அன்புள்ள சரண்யா,

கோபத்திலும் உன் கையெழுத்து கோணவில்லை. டிக்கெட் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்குள் கிளப்பின் நூற்றாண்டு மலரை எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

நாட்டின் ஆறாம் நிலையில் ஆடும் கிளப் இது. மர அறுவை ஆலைத் தொழிலாளிகள் 1925இல் ஆரம்பித்தது. 1938இல் ஒருநாள் பதினோராவது ஆள் வராமல் போக, தபால் கொடுக்க வந்தவரையே இறக்கிவிட்டிருக்கிறார்கள். மனிதர் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடி ஒரு கோலும் போட்டார். ஊருக்கு மறுநாள்தான் தபால் போனது. 1969இல் மேல் பிரிவுக்கு ஏறினார்கள், அடுத்த வருஷமே இறங்கினார்கள். அதன்பின் ஏறவே இல்லை. ஆனால் ஆடாமல் விட்ட வருஷம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. சனிக்கிழமைதோறும் மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுவது நான்தான். ஆலையில் ஒருவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைதானத்தில் எல்லோருக்கும் நான் ‘அழகு’.

நீ படிக்க வேண்டும் என்று மலர் முழுவதையும் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

அன்புடன்,
அழகுபாண்டி

வண்டியூர், மதுரை
12-11-2025

மச்சானுக்கு,

உங்கள் கட்டு போன வாரம் வந்தது. சமைத்ததை ஆற விட்டுவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். அந்தத் தபால்காரர் கோல் போட்ட இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு நாற்பத்தோராம் பக்கம் வந்தது. கிளப் செயலாளர்களின் பட்டியல். கடைசிப் பெயர் அழகுபாண்டி. மார்ச் 2025 ஆண்டுக் கூட்டத்தில் தேர்வு, பதவிக்காலம் 2027 முடிய. மார்ச்சில் அங்கே ஒப்புக்கொண்டுவிட்டு, ஏப்ரலில் என்னிடம் அக்டோபர் என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் மறைக்கத் தெரிந்த உங்களுக்குக் கிளப் சரித்திரத்தில் ஒரு வரியை விட மனசு வரவில்லை.

அந்தப் பட்டியலில் பழைய செயலாளர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும், ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்த மனைவியின் பெயர் இருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே, மனைவி என்று என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘தற்போது இயந்திரத்தில் துவைக்கப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்தை நாலு சுற்றுச் சுற்றினேன். அழுதேன், மறைக்கவில்லை.

அங்கே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பது எனக்குப் புரிகிறது. வயிற்றெரிச்சலோடுதான் புரிகிறது. கேட்டிருந்தால் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். “நீ போத்தா. அவனுக்காக இனி உக்காந்திருக்காத” என்றார். நேற்று சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றாம் தேதி சேலத்தில் சேர வேண்டும். இந்த வீட்டைக் காலி செய்கிறேன்.

சேலத்து விலாசத்தை எழுதவில்லை. 2027 முடிந்ததும் கேளுங்கள். அப்போது கொடுக்கத் தோன்றினால் கொடுக்கிறேன்.

சரண்யாதேவி