பச்சை விடாமல் வெட்டிய செடி

அன்புள்ள பெரியவனுக்கு,

நான் தோட்டக்காரரைக் கத்தரியால் குத்தப் போனேன் என்று உன் சித்தி போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது உண்மையில்லை. அவர் கையிலிருந்து கத்தரியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான். எனக்குப் புத்தி தடுமாறவில்லை, கையும் நடுங்கவில்லை. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். மற்றபடி இங்கே நான் சுகம், அங்கே நீயும் மருமகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார் மருத்துவர். அவரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தபோதுதான் வாசலில் அதைப் பார்த்தேன்.

வாசலுக்கு முன்னால் ஆளுயரம் நின்ற நம் டீ ட்ரீ பூச்செடியைத் தோட்டக்காரர் முட்டி உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார். பூத்திருந்த கிளைகள் மொட்டுகளோடு நடைபாதையில் கிடந்தன. முதலில் வைத்த இரண்டு செடிகளையும் நான் எரு போட்டே கொன்றதும், "விருந்து வெச்சே கொல்றீங்களேம்மா, இதைப் பட்டினி போடுங்க" என்று நர்சரிக்காரர் சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். இது மூன்றாவது. மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகுதான் தண்ணீர், பூ முடிந்த பின் பச்சை நுனியில் மட்டும் ஒரு விரல் அளவு வெட்டு என்று பதினோரு வருடம் வளர்த்தேன். இலை இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் அது மறுபடி துளிர்க்காது. அவருக்கும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டால், "செம்பருத்தி மாதிரி தழைஞ்சிடும்னு நெனச்சேம்மா. உங்க பெரிய பையன்தான் போன்ல சொன்னாரு, வீடு பாக்க வர்றவங்களுக்கு கேட்லேர்ந்தே வாசல் தெரியணுமாம். அம்மாவுக்கும் சம்மதம்னாரே" என்று விழித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொன்ன வேலையைச் செய்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கண் மருத்துவரிடம் போகிறேன் என்று உன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகூட, "செடி பூத்துடுச்சாம்மா?" என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டாய்! நானும் ஏமாந்து, இந்த வருடம் இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பு என்று கால் மணி நேரம் சொன்னேன். வீட்டை விற்கலாமா என்று நேராகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், ஒருவேளை சரி என்றும் சொல்லியிருப்பேன். நான் சொல்லாத சம்மதத்தைச் சொன்னதாக ஆக்கிவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கான்வென்டில் ஒரு சின்னப் பொய்க்கே என்னை நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். உன்னை நான் ஒருநாளும் அப்படி நிற்க வைத்ததில்லை, அது என் தவறு. இப்போது எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொந்தப் பிள்ளையிடம் சொல்லவே தயக்கமாக இருக்கிறது.

நேற்று வீடு பார்க்க வந்த தம்பதியைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினேன், உன் சித்தி எப்படிச் சொன்னாலும்.

மருமகளுக்கு முதுகு வலி குறைந்ததா? கனமான எதையும் அவளைத் தூக்க விடாதே. உன் மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும், நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நீண்ட காலம் வாழ வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய் என்பதைப் போனில் சொல்லாதே. உன் கையால் எழுதி, தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா