முதுகில் மலை

நவம்பர் 6, வியாழன்

நேற்று பௌர்ணமி. ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் பெருக்கிக்கொண்டிருந்த மணியம்மாளை அந்தி நேரத்தில் ஒரு வேன் உரசிவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஆளே தெரில சார்" என்றான் டிரைவர். புளுகுகிறான் என்று நினைத்தேன். அவள் மாட்டியிருந்த ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை வாங்கி என் வண்டி விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். புளுகவில்லை. வெயிலும் சோப்பும் தின்ற துணி. ஒளிர வேண்டிய பட்டை அழுக்கு நாடாவாகத் தொங்குகிறது.

தீபத்துக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. புது ஜாக்கெட் வேண்டும் என்று சித்திரையிலிருந்து கத்துகிறேன். எம்.எஸ்சி. வேதியியல், அதற்கு மேல் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ. இந்தத் துப்புரவு ஒப்பந்தக் கம்பெனியில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். பெயர் மட்டும். மேனேஜர் பரசுராமன் என்னைவிடச் சின்னவன், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். "நல்லதா ஒண்ணு செலக்ட் பண்ணுங்க சார்" என்று இன்றுதான் அவனுக்கு வாய் வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மாதிரிக்கு மூன்று வரவழைத்தேன். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு முன்னால் கொடியில் மாட்டிவிட்டு, வேங்கிக்கால் சந்தின் கோடியிலிருந்து பைக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து வந்து பார்த்தேன். என் மனைவி எழிலரசி வாசற்படியில் நின்று, "கொடில இன்னாங்க திருவிழா?" என்றாள். அவள் சிரித்தே நாளாயிற்று.

முதலாவது, வலைத்துணி. குறுக்கே ஒரே பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் ரோட்டுத் தடுப்பா, ஆளா? தெரியாது. இரண்டாவது ஆரஞ்சு. பட்டையில் குறையில்லை. ஆனால் கார்த்திகையில் கிரிவலப் பாதை முழுக்கக் காவி, செவ்வாடை, மாலை போட்டவர்கள். அதில் ஆரஞ்சு கரைந்துவிடும். மூன்றாவது, கண்ணைக் குத்தும் மஞ்சள் பச்சை. இரண்டு தோளிலும் பட்டை, இடுப்பைச் சுற்றி இரண்டு, தரச் சான்றும் உண்டு. விளக்கு பட்டதும் முதலில் இரண்டு தோள் தெரிகிறது, பிறகு இடுப்பு. நிற்பது மனிதர் என்று டிரைவருக்கு உடனே உறைக்கும். தரநிலை கேட்பதும் அதைத்தான். மூன்றாவதையே எழுதிக்கொடுத்தேன்.

உள்ளே வந்தால் கூடத்துக் கடிகாரம் வழக்கம்போல நாலு பத்து. ஆடியில் பேட்டரி தீர்ந்தது. நான் மாற்றவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு என் சகலை கொடுத்தது அது. முகப்பிலேயே 'அன்பளிப்பு: சக்கரவர்த்தி மாடர்ன் ரைஸ் மில், கீழ்பென்னாத்தூர்'. அன்றைக்கு அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "எங்க தம்பி படிப்புல பெரிய ஆளு. நேரந்தான் சரியில்ல. அதான் கடிகாரம் குடுக்கறேன்." பந்தியே சிரித்தது. என் வீட்டில், என் பந்தி. அன்றிலிருந்து அவர் வாசலை நான் மிதித்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

"வாங்கவே வேணாம் சார். உபயதாரர் கெடச்சிட்டாரு. எல்லாருக்கும் அவரே தரேன்னுட்டாரு" என்றான் பரசுராமன், வாயெல்லாம் பல்லாக. பெயரைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நவம்பர் 17, திங்கள்

பண்டல் வந்தது. ஆரஞ்சு. முதுகு முழுக்க மலை. உச்சியில் தீபம். அடியில் 'உபயம்' என்று போட்டு என் சகலையின் பெயர், மில் பெயர், பக்கத்தில் கைகூப்பிய அவர் படம். படத்துக்கு இடம் வேண்டும் என்று முதுகுப் பட்டையையே எடுத்துவிட்டார்கள். மார்புப் பட்டை பகலில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் மாதிரி மின்னுகிறது. விளக்கைக் காட்டினால் செத்துப்போகிறது.

இந்த ஊரில் டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சத்தை மறைத்துப் பெயர் எழுதுவார்கள். கோயில் மண்டபத்தில் அதனால் யாருக்கும் உயிர் போகாது. ரோடு அப்படியா?

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"மின்னுது, இல்ல? கொஞ்சம் கம்மியா மின்னுது. அவ்ளோதானே சார்?"

"விளக்கு பட்டா மின்னல, பரசுராமன்."

"அவரு உங்க சொந்தக்காரராமே. எதுனா பழைய மனஸ்தாபமா?"

"துணி சரியில்லன்றேன்."

"துணிதானா சார்?"

வீட்டிலும் அதே பாட்டு. "வேற யாரு குடுத்திருந்தாலும் வாங்கினு இருப்பீங்க. எங்க அக்கா ஊட்டுக்காரருன்னதும் உங்களுக்கு வயிறு எரியுது." சாப்பிடாமல் எழுந்தேன்.

நவம்பர் 18

வேறு யார் கொடுத்திருந்தாலும் பட்டையைச் சுரண்டிப் பார்த்திருப்பேனா? பார்த்திருப்பேன்.

இவ்வளவு சந்தோஷமாகவா?

நவம்பர் 23, ஞாயிறு

நாளை கொடியேற்றம். அதற்குள் விழா வைத்துக் கொடுத்துவிட்டார்கள். என் கையெழுத்தில்லாமல் பரசுராமனே போட்டுக்கொண்டான். சகலை மேடையில் நின்று ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட்டைப் பொன்னாடை மாதிரி போர்த்தினார். பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். மைக்கிலேயே: "இன்னா தம்பி, கடிகாரம் ஓடுதா?"

நடந்தே வீடு வந்தேன்.

நவம்பர் 26, புதன்



சாயங்காலம் செங்கம் சாலையைப் பார்க்கப் போனேன். விளக்கு வைக்கும் நேரம். ஓரத்தில் வேலை செய்யும் பெண்களைக் காணோம். கிட்டே போன பிறகுதான் தெரிந்தார்கள். எல்லோர் மேலும் மங்கிய வெள்ளையில் ஏதோ துணி. ஜாக்கெட்டை உட்புறம் வெளியே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! இருந்த ஒரு பட்டையும் உள்ளே போய்விட்டது. கத்தினேன். மேஸ்திரி கன்னியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"முதுகுல மலை கீது சார். அண்ணாமலையாரு. அத்த மாட்டிகினு எப்டி குப்ப அள்றது? குப்ப வண்டில எப்டி சாய்றது? பாவம் சார்."

"மணியம்மா ஜாக்கெட் எங்க? அவ மாட்டவே இல்லையா?"

"அவ பூஜ மாடத்துல வெச்சி பொட்டு இட்டுட்டா. உங்க சகலை மூஞ்சிக்கும் சேத்து தீபாராதன நடக்குது. அவ ஊட்டுக்காரன் கோச்சிகினு கீறான்."

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, மினி பஸ் ஒன்று எங்கள்மேலேயே வந்துவிட்டது. பிரேக் அலறல். கன்னியம்மாளைப் பிடித்து இழுத்தேனா, அவள் என்னை இழுத்தாளா? குப்பைக்கூடை சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அவள் நின்ற இடம் அது.

பட்டையைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், அவர் படத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். மலையை மட்டும் பார்க்கவில்லை. இதே ஊரில் பிறந்தவன்.

"நேரா மாட்டச் சொல்லுங்க சார்" என்கிறான் பரசுராமன். சொன்னால் மாட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கழற்றுவார்கள். வேறு வாங்கு என்றேன். "உபயம்னு வாங்கியாச்சு. இனிமே கம்பெனில கேக்க முடியாது. நீங்க வேணா உபயதாரரையே கேளுங்களேன்." சிரிக்காமல் சொன்னான். அதுதான் இன்னும் மோசம்.

நவம்பர் 27

போக மாட்டேன். எவனாவது சாகட்டும்.

— அப்படி எழுதிவிட்டேனே. அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 28, வெள்ளி

போனேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், பையில் அவர் ஜாக்கெட் ஒன்று, என் மூன்றாவது மாதிரி ஒன்று. மில் வாசலில் நெல் அவிக்கும் வாசனை. என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு நினைவு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"வா தம்பி. வழி தெரிஞ்சுதா?"

தரநிலை, சான்று எதையும் எடுக்கவில்லை. இருட்டும்வரை காத்திருந்தேன். காபி வந்தது, குடித்தேன். மூட்டை தூக்கும் ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, ஒருவனுக்கு இவர் ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டினேன், இன்னொருவனுக்கு என் மாதிரியை. ரோட்டோரமாகப் போய் நில்லுங்கள் என்றேன். சகலையின் காரில் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒருத்தன் நிக்கறான். தோளு ரெண்டும் பளிச்சுனு தெரியுது" என்றார். இன்னும் கொஞ்சம் ஓட்டினார். "இன்னொருத்தன் எங்க போனான்?"

"நிறுத்துங்க!"

இன்னொருவன் முன்னால், இடப்பக்க விளக்குக்குக் கைநீட்டும் தூரத்தில் நின்றிருந்தான்.

பெண்கள் ஏன் திருப்பி மாட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

"சாமி காப்பாத்தும்னுதான்யா மலைய போட்டேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

உங்கள் மூஞ்சியும் காப்பாற்றும் என்றா போட்டீர்கள்? நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"உன்து மாதிரியே வாங்கித் தரேன். ஆனா பேரு இல்லாம எப்டி தம்பி? குடுத்தது யாருனு தெரிய வேணாவா?"

"உள்பக்கம் போடலாம். காலருக்குக் கீழ, சின்னதா."

"உள்ள போட்டா எவன் பாப்பான்?"

"மாட்டறவங்க பாப்பாங்க. தெனமும்."

யோசித்தார். பிறகு பழைய சிரிப்பு வந்தது. "அப்ப நீயும் ஒண்ணு மாட்டணும். தீபத்தன்னிக்கி. என் பேரு போட்டது."

என்னைச் சிறுமைப்படுத்துவதென்றால் எப்படித்தான் இவருக்கு வழி கிடைக்கிறதோ. நசுங்கிய கூடை கண்முன் வந்தது.

"மாட்டறேன்" என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் விளக்கில் காட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கன்னியம்மாள் புரட்டிப் புரட்டி முதுகைப் பார்த்தாள். "சாமி இல்லல்ல?" இல்லை என்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்று தீபம். மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் குப்பை லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் மட்டும் பாதையில் அனுமதி. ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்ததும் அத்தனை கூட்டமும் "அரோகரா" என்று கையைத் தூக்கியது. அந்தக் கணத்தில் யாரும் ரோட்டைப் பார்ப்பதில்லை. குப்பை லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மலையைப் பார்க்கிறான். லாரிக்குப் பின்னால் மணியம்மாள், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கி, கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறாள்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்து ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் லாரி நின்றிருந்தது.

டிரைவர் இறங்கி வந்து சக்கரத்தடியில் குந்திவிட்டான். "மலையத்தான் சார் பாத்துனு இருந்தேன். கண்ணாடி பக்கம் திரும்பனேன். பின்லைட்டுல ரெண்டு தோளு மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. அய்யோ ஆளுனு மிதிச்சிட்டேன்."

மணியம்மாள் கண்ணைத் திறந்து, "இன்னா சார், இப்டி மூச்சு வாங்கறீங்க?" என்றாள்.

இரவு சகலை போன் செய்தார். "மாட்டனியா?"

"மாட்டினேன்."

"பேரு குத்துதா?"

"காலர் ஓரம் உரசுது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மைக்கில் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. லாரி நின்றதை மட்டும் சொன்னேன். "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

இன்று கடைக்குப் போனபோது ஒரு பேட்டரி வாங்கி வந்தேன். முகப்புத் தூசியைத் துடைத்துக் கடிகாரத்தை மறுபடி கூடத்தில் மாட்டினேன். எழிலரசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.